குழாயைத் திருப்பிக் கட்டியவர்

“பாலக்கரையில் ஒலிபெருக்கித் தொழில் நடத்தும் திரு. அ. அமிர்தசாமி என்பவர், சங்கத்தின் நோக்கங்களில் எவ்வித அக்கறையும் அற்றவர் என்பதாலும், ஊனமுற்ற குழந்தைகளின் துயரத்தை உணரும் மனப்பக்குவம் இல்லாதவர் என்பதாலும், விழா நடவடிக்கைகளுக்கு வேண்டுமென்றே குந்தகம் விளைவித்தார் என்பதாலும், அன்னார் இன்று முதல் பெற்றோர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

1981 டிசம்பர் ஐந்தாம் தேதி, காவிரிக்கரை மனவளர்ச்சி குன்றியோர் நல்வாழ்வுச் சங்கத்தின் செயற்குழு எழுதி வைத்த தீர்மானம் இது. ஏகமனதாக என்பது உண்மைதான். அன்று வந்திருந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவர் எதிர்த்து வாக்களித்ததாக எந்தச் சங்கத்தின் வரலாற்றிலும் கிடையாது. தீர்மானத்தில் உண்மை என்று சொல்லத்தக்கது இன்னும் ஒன்று உண்டு. அமிர்தசாமி பாலக்கரையில் ஒலிபெருக்கித் தொழில் நடத்தினார்.

எழுபதுகளில் திருச்சியில் ஒரு காரியம் நடந்ததற்கு அத்தாட்சி, அது பக்கத்துத் தெருவுக்குக் கேட்டதா என்பதுதான். குழந்தைக்குக் காது குத்தினால் நாலு மின்கம்பத்தில் குழாய். பெண் பெரியவளானால் ஆறு. கட்சிக் கூட்டம் என்றால் கம்பம் தீர்ந்துபோய் மரத்திலும் கட்டுவார்கள். குழாய் என்பது மைக்செட்காரர்கள் வழக்கு. புனல் மாதிரி வாய் விரிந்த அலுமினிய ஒலிபெருக்கி. கம்பத்தில் ஏறிக் கட்டுகிறவர் அதை எந்தப் பக்கம் திருப்புகிறாரோ அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் மூன்று நாள் மகிழ்ச்சியாக இருந்தே தீர வேண்டும். இந்த மகிழ்ச்சியை விநியோகித்தவர்களில் ஒருவர் அமிர்தசாமி. ‘அமிர்தம் சவுண்ட் சர்வீஸ்’ என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே பதினான்கு குழாய்களும், மூன்று ஆம்ப்ளிஃபயர்களும், ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் இருந்தன. ஊரையே கத்தவைத்த அந்த மனிதர் பேசினால் நாம் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய குரல்.

அவருக்கும் வியாகுலம்மாளுக்கும் 1971இல் ஒரு பெண் பிறந்தாள். லூர்துராணி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தது ஊருக்குப் பயன்பட்டது, அவளுக்குப் பயன்படவில்லை. மூன்று வயதாகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. பேச்சும் வரவில்லை. ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் அவளுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை கைதட்டிவிட்டு ‘பிறவிச் செவிடு’ என்று எழுதிக் கொடுத்தார்.

மகளுக்குக் காது கேட்கவில்லை என்றால் ஒரு தச்சர் என்ன செய்வார், ஒரு குமாஸ்தா என்ன செய்வார் என்று தெரியாது. ஒரு மைக்செட்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான் உண்டு. அமிர்தசாமி இருப்பதில் பெரிய குழாயை வீட்டுக்குள் கொண்டுவந்து, கட்டிலின் தலைமாட்டில் வைத்து, மைக்கைப் பிடித்து, “லூர்து, லூர்து, அப்பா கூப்பிடுறேன்” என்று தினமும் காலையில் கூப்பிட்டார். குழந்தை கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதோ கேட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? மறுநாள் குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினார். இப்படி ஒரு மாதம். பாசத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று தெருவே சொன்னது. தெருவுக்குத்தான் எல்லாம் கேட்டதே.

அடுத்த வருடம் வேறொரு டாக்டர், குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ‘செவிடு’ என்பதை அடித்துவிட்டு ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதினார். ஒரே குழந்தை பன்னிரண்டு மாதத்துக்குள் செவிடாக இருந்து, காது கேட்டு, புத்தி குறைந்துபோனது. மருத்துவம் அவ்வளவு வேகமாக முன்னேறிக்கொண்டிருந்த காலம் அது.

ஆறு வயதில் லூர்து பேசினாள். “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ.” அச்சாக அப்பாவின் குரல், அதே மெதுவு. பசித்தாலும் இதைத்தான் சொன்னாள், பயந்தாலும் இதைத்தான் சொன்னாள். எது பசி எது பயம் என்று வியாகுலம்மாளுக்கு மட்டும் தெரியும். வேறொன்றும் சொல்லவில்லை.

1979 ஆடியில் தெருமுனைத் திருவிழா. வீட்டுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் குழாய். கட்டியவர் அமிர்தசாமி. இரண்டாம் நாள் பிற்பகல் லூர்து கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பாட்டுச் சத்தத்தில் வியாகுலம்மாள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் காட்டூருக்கு அப்பால், தஞ்சாவூர் ரோட்டில், லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவளை ஒரு சைக்கிள்காரர் பிடித்து நிறுத்தினார். உள்ளங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் வியாகுலம்மாள் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் முன்கையைக் கடித்தாள். தழும்புக்கு மேல் தழும்பு ஏறியது.

இந்த நிலையில்தான் 1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவிக்கப்பட்டது. ஊனமுற்றோருக்கு அதனால் என்ன ஆயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சங்கங்கள் பிறந்தன. காவிரிக்கரைச் சங்கமும் அப்படிப் பிறந்ததுதான். அதன் செயலாளர் சௌரிராஜன், தபால் இலாகாவில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் கூட்டத்தில் சங்கத்துக்கு முத்திரை, இரண்டாம் கூட்டத்தில் கடிதத்தாள், மூன்றாம் கூட்டத்தில் மலர் வெளியிட மலர்க்குழு என்று வரிசையாகத் தீர்மானம் போட்டார். குழந்தைகளைப் பற்றிய பேச்சு நான்காவது கூட்டத்தில் வந்தது, நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது.

ஆனாலும் ஒரு நல்ல காரியம் தவறி நடந்துவிட்டது. கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியைப் பிடித்து, வாரம் இரண்டு நாள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஜீனத் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். தென்னூர்க்காரி; சென்னையில் ஒரு வருடம் இதற்கென்றே படித்தவள். தையல் ஆசிரியை பதவிக்கு மட்டுமே அனுமதி இருந்ததால் அவளைத் தையல் ஆசிரியை என்று பதிந்துகொண்டார்கள். அவள் ஒரு நாளும் ஊசியைத் தொடவில்லை. அமிர்தசாமி மகளைக் கூட்டிக்கொண்டு போன முதல் வாரத்திலேயே அவரை மாடிப்படியில் நிறுத்திவைத்துக் கேட்டாள்.

“அண்ணே, பாப்பாவுக்குக் காது கேக்கலைன்னு யார் சொன்னது? நமக்குக் கேக்கறதவிட பத்து மடங்கு கேக்குது. அதுதான் அதுக்குக் கஷ்டமே. நமக்குச் சத்தம்னா, அதுக்கு அடி.”

அமிர்தசாமி படியில் உட்கார்ந்துவிட்டார். “நான் குழாய வச்சுக் கூப்பிட்டேனே டீச்சர், ஒரு மாசம்” என்றார்.

“அதனால வந்ததில்லண்ணே. பொறப்புலயே அப்படி.” பிறகு, படித்தவள் அல்லவா, பொய் சொல்ல மனம் வராமல் சேர்த்துக்கொண்டாள்: “ஆனா அது நல்லதும் இல்ல.”

இதற்கு ஆட்டிசம் என்று பெயர் என்றும் சொன்னாள். அவருக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. செயலாளருக்கோ அது மனதிலேயே நிற்கவில்லை. அரசாங்கப் படிவத்தில் கண், காது, கை கால், மூளை என்று நான்கு கட்டங்கள்தாம் இருந்தன. “அஞ்சாவது கட்டமே இல்லையேம்மா. இல்லாத கட்டத்துல கொழந்தைய எங்கே கொண்டு உக்கார வைக்கறது?” என்று சௌரிராஜன் ஜீனத்திடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் வாழ்நாளில் கட்டத்துக்கு வெளியே ஒரு தபாலையும் பார்த்ததில்லை.

கட்டத்துக்குள் அடங்காத குழந்தைகளுக்குச் சங்கம் ஒரு வழி வைத்திருந்தது. சென்னைக்கு அப்பால் ஒரு காப்பகம். ‘மிகவும் கடினமானவர்கள்’ என்று நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து அங்கே அனுப்புவது; பெற்றோர் வருடத்தில் இரண்டு முறை போய்ப் பார்க்கலாம். நான்கு பேரில் லூர்துராணி ஒருத்தி. அமிர்தசாமி வேண்டாம் என்றார். ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓடுகிற வேலை அவருடையதில்லை என்பதால் அவருக்கு வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. வியாகுலம்மாள் ஒப்புதல் படிவத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

ஊனமுற்றோர் ஆண்டு முடிந்துவிடப்போகிறதே என்ற பதைப்பில் நவம்பர் மாதம் விழா எடுத்தார்கள். கே.கே. நகர் வீட்டுக்கு முன்னால் பந்தல். சத்தம் தாங்காத குழந்தைகளுக்கான விழாவில் நாதஸ்வரம், தவில், சிறப்பு விருந்தினரின் கார் தெருமுனை திரும்பியதும் ஆயிரம் வாலா. விழா என்றால் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒலிபெருக்கி அமிர்தசாமியின் அன்பளிப்பு. அவர் இரண்டு குழாய் போதும் என்றார். சங்கத் தலைவருக்கு எட்டு இல்லாவிட்டால் கௌரவக் குறைவு.

இருபத்துமூன்று குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், புகைப்படத்துக்காக. வாலா வெடித்து முடிப்பதற்குள் மூன்று பேர் நாற்காலிக்கு அடியில் இருந்தார்கள். பொன்னாடை போர்த்தும் படலம் அரை மணி நேரம். பிறகு சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், பெரிய டாக்டர், பேச எழுந்தார். இக்குழந்தைகள் இப்படி ஆனதற்குக் காரணம் தாயின் அரவணைப்பு போதாமைதான் என்று மேல்நாட்டு அறிஞர்கள் சொல்லியிருப்பதாக எட்டுக் குழாயிலும் அறிவித்தார். தாய்மார்கள் இன்னும் கொஞ்சம் பாசம் காட்டியிருக்கலாம் என்றார். முன்வரிசையில் வியாகுலம்மாள் தன் முன்கையை மகளின் வாய்க்குக் கொடுத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் அருகே நின்றிருந்த அமிர்தசாமி குமிழைத் திருப்பி அணைத்தார்.

டாக்டரின் உதடுகள் கொஞ்ச நேரம் தாமாக அசைந்துகொண்டிருந்தன. மைக்கைத் தட்டினார். ஊதினார். தலைவர் கையைக் காட்டினார். “ஃபியூஸ் போயிடுச்சுங்க” என்றார் அமிர்தசாமி, யாருக்கும் கேட்காத குரலில். மைக் இல்லாமல் பேசிப் பழக்கமில்லாத டாக்டர் மீதிப் பேச்சை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அதுதான் முதல் சிக்கல். குழந்தைகள் ஒவ்வொருவராக நாற்காலிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்கள். லூர்து அம்மாவின் கையை விட்டுவிட்டுப் பந்தல் துணியின் பூவைப் பார்த்தாள். செயலாளர் காப்பகத்துக்குப் போகும் நான்கு குழந்தைகளின் பெயரைப் படித்து, பெற்றோரை மேடைக்கு வந்து கையெழுத்திடும்படி அழைத்தார். அழைத்தது மேடையில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை. ஒருவரும் ஏறவில்லை. அது இரண்டாவது சிக்கல். இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் மேலே கண்ட தீர்மானம். எழுதியது சௌரிராஜன், முத்து முத்தாக.

பட்டியலிலிருந்து நீக்கினால் லூர்துவுக்குக் கே.கே. நகர் மாடியும் கிடையாது; காப்பகப் படிவம் மட்டும் செல்லும். வீட்டில் வியாகுலம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீங்க ஒரு நாள் அணைச்சீங்க, சரி. ஊரெல்லாம் வருஷம் முழுக்க நீங்களேதான் கட்டுறீங்க” என்றாள். “எனக்குக் கையில தெம்பு இல்லைங்க. அவ எனக்குச் சமமா வளந்துட்டா. வர்ற ஆடிக்கு மறுபடி ஓடுனா, இதுல நான் கையெழுத்துப் போட்டுருவேன். அங்க போனா உசிரோடயாவது இருப்பா.”

மடித்த படிவத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். ஆடிக்கு எட்டு மாதம் இருந்தது.

தீர்மானம் போட்ட இரண்டாவது வாரம், ஒரு மாலையில், சௌரிராஜன் டவுன் பஸ்ஸில் வந்து பாலக்கரையில் இறங்கினார். எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையில் எதையோ விசாரிப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குடையைக் கைமாற்றிக்கொண்டு சாலையைக் கடந்தார். தீர்மானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்து அமிர்தசாமி எழுந்து நின்றார்.

“வைகுண்ட ஏகாதசிக்கு எங்க வீதியிலே குழாய் கட்டறது யாரு?”

“துறையூர் மருதையோட மைக்செட்டு, சாமி. அன்னதானப் பந்தல்காரங்க ஏற்பாடு. உங்க வீட்டுக்கு எதிர்க் கம்பத்துல ரெண்டு வரும்.”

“எந்தப் பக்கம் பார்த்து இருக்கும்?”

பதினைந்து வருடத் தொழிலில் அமிர்தசாமியிடம் எத்தனை குழாய் என்று கேட்டவர்கள் உண்டு. எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்டதில்லை. பெரியவரின் முகத்தைப் பார்த்தார். “வீட்டுல யாருங்க சாமி?” என்றார்.

சௌரிராஜன் தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வரதன்னு ஒருத்தன். என் பிள்ளைதான். இருபத்திரண்டு வயசாறது. பின்கட்டுல இருக்கான். ஏகாதசின்னா சுவத்துல தலையை முட்டிக்கறான்.”

“சங்கத்துல தெரியுமா?”

“சங்கத்துக்கு எதுக்குங்காணும் தெரியணும்? நான் செயலாளர்.”

இந்த விடையில் இருக்கும் தர்க்கத்தை மெச்ச வேண்டும். மனவளர்ச்சி குன்றியோர் நல்வாழ்வுச் சங்கத்தின் செயலாளர் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பது சங்கத்தின் நற்பெயருக்கு உகந்ததல்ல. அமிர்தசாமி தர்க்கத்துக்குள் போகவில்லை. மருதையிடம் சொல்லிக் குழாயைத் திருப்பிவிடலாம், ஆனால் கூட்டத்தின் சத்தத்தைத் திருப்ப முடியாது என்றார். அந்த இரண்டு நாளும் பாலக்கரையில் ஒரு புக்கிங்கும் இல்லை என்றார். தம்பியை இங்கே கொண்டுவந்து விடுங்கள் என்றார்.

சௌரிராஜன் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து வந்த மீன் குழம்பு வாசனையை முகர்ந்தபடி யோசித்தார். அமிர்தசாமி, அன்றைக்கு வீட்டில் கவிச்சி சமைக்க மாட்டோம் என்றார். அதற்கு அவசியம் இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. வரதன் பிறந்ததிலிருந்து தயிர்சாதம் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை. ஆசாரம் தானே தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

ஏகாதசிக்கு முதல் நாள் வாடகைக் காரில் வரதனை அழைத்துவந்தார்கள். குழாய்களை அடுக்கிவைத்திருந்த பின்னறையில் அவனும் லூர்துவும் இரண்டு நாள் இருந்தார்கள். அவன் ஊசி வைக்காத இசைத்தட்டைச் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு தனிமைகள் நட்பாயின என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. அதனாலேயே இருவருக்கும் சௌகரியமாக இருந்தது. யாரும் தலையை முட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் மாலை மகனை அழைத்துப்போக வந்த சௌரிராஜன் நன்றி சொல்ல வாயெடுத்தார். வியாகுலம்மாள் முந்திக்கொண்டாள். ஆடித் திருவிழா மூன்று நாளும் லூர்துவை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அவர் முகம் சுருங்கியது. வீதியில் கேட்டால் என்ன சொல்வது என்றார்.

“எங்க தெருவுலயும் கேட்டாங்க சாமி. ஐயர் வீட்டுப் பையன் மைக்செட் தொழில் கத்துக்க வந்திருக்காருன்னு சொன்னேன்.” மாதா படத்துக்குப் பின்னாலிருந்து படிவத்தை எடுத்து அவர் முன்னால் பிரித்தாள். அவர் கையால் பெயர் நிரப்பிய படிவம். “நீங்களும் ஏதாச்சும் சொல்லிக்கிங்க. நான் இதுல கையெழுத்துப் போடுறதா வேணாமான்னு உங்க பின்கட்டுதான் சொல்லணும்.”

தாம் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று திருத்துவதா, பதில் சொல்வதா என்று சௌரிராஜன் தடுமாறியதாகத் தெரிகிறது. இரண்டும் செய்யாமல் சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

ஆடி வந்தது. அமிர்தசாமி வழக்கம்போல் தெருவில் குழாய் கட்டினார். வேண்டாம் என்றிருந்தால் வேறொருவர் கட்டியிருப்பார். லூர்துவை முந்தின நாளே ஜீனத் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போனாள். பின்கட்டுக்குள் நுழைந்ததும் லூர்து ஒரு மணி நேரம் அலறினாள். புதிய இடம், புதிய வாசனை. உத்திர வீதியில் ஜன்னல்கள் திறந்தன. தையல் டீச்சருடன் வந்த பெண், பல்வலி என்று சௌரிராஜன் வாசலில் நின்று சொன்னார். ஊர் பார்க்க அவர் நின்று சொன்ன பொய்களில் பிறருக்காகச் சொன்னது அநேகமாக அது ஒன்றுதான். வரதன் எழுந்து போய்த் தன் மூலையை விட்டு எதிர் மூலையில் உட்கார்ந்தான். காலியான மூலைக்கு லூர்து போனாள். சத்தம் நின்றது.

மூன்று நாளும் பாலக்கரையில் வியாகுலம்மாள் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தாள், பழக்கத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு. நான்காம் நாள் ஜீனத் பஸ்ஸில் லூர்துவைக் கொண்டுவந்து விட்டாள். கம்பத்திலிருந்து குழாய் இறங்கியிருந்தது. லூர்து உள்ளே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்” என்றாள். பசி. வியாகுலம்மாள் சோறு போட்டாள். பிறகு படிவத்தை எடுத்தாள். அமிர்தசாமி வாசலிலேயே நின்றார்.

அவள் அதைக் கிழிக்கவில்லை. திருப்பிப் போட்டு, பென்சிலை நாக்கில் தொட்டு, “ஆவணியில எங்கெங்க புக்கிங், சொல்லுங்க” என்றாள்.

அமிர்தசாமிக்குத் தெரிந்திருந்தது. முகூர்த்த நாளில் எந்த மைக்செட்காரருக்கும் தம்மிடம் உள்ள குழாய் போதாது. ஒருவரிடம் ஒருவர் இரவல் வாங்கித்தான் கட்டுவார்கள். ஆகவே எந்தத் தெருவில் எந்தத் தேதியில் எத்தனை குழாய் என்பது அவர்கள் எல்லாருக்கும் மாதம் பிறக்குமுன்பே தெரியும். திருச்சியில் இனிமேல் கேட்கப்போகும் சத்தம் முழுவதும் ஐந்தாறு பேரின் தலைக்குள் இருந்தது. அதைக் காகிதத்தில் இறக்கினால் உபயோகம் உண்டு என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அவர் சொல்லச் சொல்ல வியாகுலம்மாள் எழுதினாள். தேதி, தெரு, நேரம். ஓரத்தில், அன்றைக்குச் சத்தமில்லாத வீடு எது, யார் பிள்ளையை யாரிடம் விடலாம் என்று.

ஜீனத் அந்தத் தாளை மற்றக் குடும்பங்களுக்கும் காட்டினாள். முதல் மாதம் நான்கு வீடு. தென்னூரில் ஒரு வீட்டுப் பிள்ளை பக்கத்துக் கல்யாணச் சத்தத்துக்குத் தப்பிக் காட்டூருக்குப் போனது. காட்டூர்ப் பிள்ளை கட்சி மாநாட்டுக்குத் தப்பி ஸ்ரீரங்கம் போனது. தீபாவளிக்கு மட்டும் திட்டம் தோற்றது. அன்று சத்தமில்லாத வீடு ஒன்றும் ஊரில் இல்லை. ஏழு குடும்பங்கள் முதல் நாளே துறையூருக்கு அப்பால் மருதையின் உறவுக்காரர் வயல்வீட்டுக்குப் போய், பட்டாசு முடிந்தபின் திரும்பின.

குழாயையும் அமிர்தசாமி திருப்பிக் கட்டினார். தாளில் இருக்கும் வீடு எந்தப் பக்கமோ அதற்கு நேர்மாறாக வாயைத் திருப்பினார். மருதையும் மற்றவர்களும், காரணத்தை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, முடிந்தபோதெல்லாம் அப்படியே செய்தார்கள். புக்கிங் செய்தவர்கள் அந்தப் பக்கம் கேட்கவில்லையே என்றால், குழாய்க்குள் ஒலி எழுப்பும் யூனிட் வீக் என்று அமிர்தசாமி சொல்லிவிடுவார். இதிலிருந்து அவர் ஓசையை வெறுத்தார் என்றோ, அமைதியின் தூதராக மாறினார் என்றோ முடிவுகட்டிவிட வேண்டாம். அந்த வீடுகள் நீங்கலாக மற்ற திருச்சியின் காதுகளைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. 1984இல் மேலும் ஆறு குழாய் வாங்கினார்.

சங்கம் 1985இல் ஒரு மலர் வெளியிட்டது. அதில் ‘இல்லங்களுக்கிடையே ஓய்வுத் திட்டம்: நமது முன்னோடிச் சாதனை’ என்று ஒரு பக்கம், தலைவரின் படத்துடன். கட்டுரை எழுதியவர் செயலாளர். தம் வீட்டுப் பின்கட்டை ‘ஸ்ரீரங்கத்தில் ஓர் அன்பர் இல்லம்’ என்று குறிப்பிட்டிருந்தார். அமிர்தசாமியின் பெயர் இல்லை. நீக்கப்பட்டவரின் பெயரைப் போட விதியில் இடம் கிடையாது. நீக்கியதை ரத்து செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஜீனத் மலரைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: வெளியீட்டு விழாவுக்குக் குழந்தைகளைக் கூப்பிடவில்லையே?

கூப்பிடவில்லை என்றாள். அப்போது சரி என்றார்.

லூர்துராணி எந்தக் காப்பகத்துக்கும் போகவில்லை. பேச்சும் கூடவில்லை. முப்பது வயது வரை கையைக் கடித்தாள், எப்போதாவது. மறுபடி ஓடவில்லை.

அமிர்தசாமி செய்தது இவ்வளவுதான். 1982 ஆவணி முதல், தொழிலை விட்ட 1989 மார்கழி வரை, எந்தத் தெருவில் எந்த நாளில் குழாய் கட்டப்போகிறார்கள் என்று மாதம் ஒரு தாளாக எண்பத்தொன்பது தாள் மனைவியைக் கொண்டு எழுதுவித்து, கடைசியில் இருபத்தாறாகப் பெருகிய வீடுகளுக்கு மாதம் பிறக்குமுன் சைக்கிளில் போய்க் கொடுத்தார். அந்த வீடுகளைப் பார்த்துத் தம் குழாய் ஒன்றையும் கட்டவில்லை.